லைன் பிஸியா? ஏர்லாங்கைக் கேளுங்க

ஆஸ்டரிஸ்க் மாதிரி ஒரு பி.பி.எக்ஸ். சர்வரை ஒருமுறை திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆபீஸ் ஐ.பி. போனுக்கு என்னென்ன வசதி வேணுமோ அத்தனைக்கும் அங்கே ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். ஆள் பேசிட்டிருந்தா அடுத்த மேஜைக்குத் திருப்பு: டிக். 20 செகண்ட் எடுக்கலைன்னா மொபைலுக்கு அனுப்பு: டிக். நாலு பேர் போனும் சேர்ந்து அடிக்கணும்: டிக். பக்கத்து மேஜையில் அடிக்கிற போனை நம்ம மேஜையிலிருந்தே எடுக்கணுமா, அதுக்கும் ஒரு ஷார்ட் கோட். காலையில் உட்கார்ந்தா மதியச் சாப்பாட்டுக்குள் முடிச்சிடலாம்.

ஒரே ஒரு பெட்டியில் மட்டும் டிக் வேலைக்கு ஆகாது. அங்கே எண் போடணும். டிரங்கில் சானல் எத்தனை? அதாவது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வெளியுலகத்தோடு பேச முடியும்? குறைச்சுப் போட்டா வாடிக்கையாளருக்கு பிஸி டோன். கூட்டிப் போட்டா மாசாமாசம் வாடகை தண்டம். பெரும்பாலான இடங்களில் இந்தப் பெட்டியில் விழுவது குத்துமதிப்பு எண்தான். போன ஆபீஸில் 10 போட்டோம், இங்கேயும் 10 போடு. அவ்ளோதான்.

அந்த ஒரு பெட்டிக்கான விடையைத் தேடி வாழ்க்கையில் 20 வருஷத்தைக் கொடுத்தவர் ஆக்னர் கிராரூப் ஏர்லாங். பி.க்யூ.டி. பேப்பர் எழுதினவங்களுக்கு அது ஒரு சூத்திரத்தின் பெயர், ஒரு பரவலின் பெயர். அதற்குப் பின்னால் ஒரு மனுஷன் இருந்தார், ஏணியைத் தூக்கிக்கிட்டு ஒரு ஆள் பின்னால் வர, நகரத்தின் பாதாளக் குழிகளுக்குள் இறங்கி ஏறினார் என்பதெல்லாம் நம்ம டெக்ஸ்ட்புக்கில் கிடையாது.

1878 ஜனவரி 1. டென்மார்க்கின் மேற்குப் பக்கம், ஜட்லாந்தில் லோன்போர்க் என்ற சின்ன ஊர். அப்பா அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், மாதாகோவில் வேலையும் பார்த்தவர். டென்மார்க்குன்னா எங்கேயோன்னு நினைக்காதீங்க. நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே போனா தரங்கம்பாடி வருதே, அந்த டேனிஷ் கோட்டை 1620-இல் கட்டினது. 1845-இல்தான் அதை பிரிட்டிஷ்காரர்களுக்கு விற்றார்கள். ஏர்லாங் பிறப்பதற்கு 33 வருஷம் முன்னால்வரை அந்த நாட்டுக்கும் நம்ம கடற்கரைக்கும் நேரடிக் கணக்கு வழக்கு இருந்தது.

வீட்டில் வசதி குறைவு, புத்தகம் மட்டும் உண்டு. சாயங்காலத்தில் அண்ணன் ஃபிரெடரிக் புத்தகத்தை நேராக வைத்துப் படிப்பாராம். எதிரே உட்கார்ந்து அதே பக்கத்தைத் தம்பி தலைகீழாகப் படிப்பாராம். பிடித்த விஷயம் வானசாஸ்திரம். நட்சத்திரங்களைப் பற்றிக் கவிதை எழுதுவதும் உண்டு. 14 வயதில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலைத் தேர்வு எழுதினார். அந்த வயசுக்கு அனுமதி கிடையாது, தனி அனுமதி வாங்கித்தான் எழுதினார், தேர்வும் பெற்றார். அடுத்து என்ன செய்தார்னு பார்த்தா, ஊருக்குத் திரும்பி அப்பாவின் பள்ளிக்கூடத்திலேயே ரெண்டு வருஷம் பாடம் எடுத்தார். 14 வயசு வாத்தியார்.

1896-இல் பல்கலைக்கழகம். குடும்ப நிலை காரணமாகத் தங்கும் இடமும் சாப்பாடும் இலவசமாகக் கிடைத்தது. கணிதம் முதன்மைப் பாடம், கூடவே வானியல், இயற்பியல், வேதியியல். 1901-இல் எம்.ஏ. அதற்கப்புறம் ஏழு வருஷம் பல பள்ளிகளில் வாத்தியார் வேலை. இந்த ஏழு வருஷத்தைச் சரித்திரம் வேகமாகத் தாண்டிப் போயிடும். நானும் தாண்டுறேன், ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிட்டு. அவர் கணிதக்காரர்கள் சங்கத்தின் கூட்டங்களுக்குத் தவறாமல் போய்க்கிட்டிருந்தார். அங்கேதான் யோஹான் யென்சனைச் சந்தித்தார்.

யென்சன்னா, ஜென்சன் இன்ஈக்வாலிட்டின்னு நாம படிக்கிறோமே, அதே ஆள். அவர் பேராசிரியர் இல்லை. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் தலைமை இன்ஜினியர். பகலில் கேபிள், ராத்திரியில் கணிதம். அவர் ஏர்லாங்கைத் தன் கம்பெனி நிர்வாக இயக்குநர் யோஹான்சனிடம் அழைத்துப்போனார். யோஹான்சனும் சும்மா ஆள் இல்லை. போன் காத்திருப்பு நேரம் பற்றி 1907-லேயே கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதிய நிர்வாகி. தன் கணக்கு பாதி வழியில் நிற்குதுன்னு அவருக்குத் தெரியும், அதை முடிக்க ஒரு ஆள் தேடிக்கிட்டிருந்தார். 1908-இல், 30 வயதில், ஏர்லாங் கம்பெனியில் சேர்ந்தார். சாகும் வரை அதே கம்பெனிதான். பிளேஸ்மென்ட்டுக்குப் போய் மூணு ஆஃபர் வாங்கி வைக்கிற நமக்கு இது கொஞ்சம் விநோதமாத்தான் தெரியும்.

அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்ச் எப்படி வேலை செய்ததுன்னு பார்த்துடுவோம். நம்ம சென்னையிலும், அன்றைய மெட்ராஸில், 1882 ஜனவரியிலேயே எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூணும் ஒரே சமயம். நீங்க ரிசீவரை எடுத்தா எக்ஸ்சேஞ்சில் உங்க எண்ணுக்கு நேரே அடையாளம் தெரியும். ஆபரேட்டர் ஒரு கார்டை அதில் செருகி, யார் வேணும்னு கேட்டு, இன்னொரு முனையை அவங்க துளையில் செருகுவாங்க. கார்டு தீர்ந்துட்டா, இல்லை இன்னொரு எக்ஸ்சேஞ்சுக்குப் போற லைன் எல்லாம் பிஸின்னா, நீங்க காத்திருக்கணும். எத்தனை ஆபரேட்டர், எத்தனை லைன்? தாமிரக் கம்பிக்குக் காசு. தெருவைத் தோண்டக் காசு. ஆளுக்குச் சம்பளம். குறைச்சா ஊரே திட்டும், அந்தத் திட்டு முழுக்க போர்டு முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்களின் காதில்தான் விழும்.

இதைப் பார்க்க ஏர்லாங் முதலில் கையில் எடுத்தது லைனை இல்லை, அழைப்பை. அழைப்புகள் எப்படி வருது?

நம்ம ஊர்க் கணக்கில் சொல்றேன். பரனூர் டோல்கேட். நிமிஷத்துக்குச் சராசரியா 2 வண்டி வர ஒரு லேனை எடுத்துக்கோங்க. 30 செகண்டுக்கு ஒண்ணுன்னு அளந்து வருமா? வராது. ஒரு நிமிஷம் ஒண்ணுமே இருக்காது, அடுத்த நிமிஷம் அஞ்சு வண்டி வரிசை கட்டும். ஒருத்தர் கிளம்பினது இன்னொருத்தருக்குத் தெரியாது, அவங்கவங்க பாட்டுக்கு வர்றாங்க. இப்படித் தன்னிச்சையாக வருவது பாய்சான் பரவலைப் பின்பற்றும். சராசரி 2 என்றால், ஒரு மணி நேரத்தில் சுமார் 8 நிமிஷம் ஒரு வண்டியும் வராது, சுமார் 3 நிமிஷத்தில் அஞ்சோ அதற்கு மேலோ வரும். லேன் சும்மா கிடக்கிற நிமிஷத்தைச் சேமிச்சு வைத்து நெரிசல் நிமிஷத்துக்குக் கொடுக்க முடியாது. காத்திருப்பு பிறப்பது இந்த இடத்தில்தான். டெலிபோன் அழைப்பும் இப்படித்தான் வருதுன்னு ஏர்லாங் 1909-இல் நிறுவினார். நிகழ்தகவும் டெலிபோன் உரையாடல்களும் பற்றிய அந்தக் கட்டுரையிலிருந்துதான் கியூயிங் தியரி என்கிற பாடமே தொடங்குது. நம்ம அரியர் லிஸ்டுக்கு அவர்தான் மூலகாரணம், வேற யாரையும் குற்றம் சொல்லாதீங்க.

கணிதக்காரர் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரில் எழுதுகிறவர்னு நினைப்போம். கம்பெனி அவருக்குக் கொடுத்த வேலையில் ஆய்வகமும் சேர்த்தி. ஆரம்பத்தில் அவருக்குக் கீழே உதவியாளர்கள் கிடையாது. தெருவுக்கு அடியில் போகும் கேபிள்களில் கசியும் மின்னோட்டத்தை அளக்கணும்னா தானேதான் போகணும். போனார். கோபன்ஹேகன் தெருவில் ஏர்லாங் முன்னால் நடக்க, ஒரு தொழிலாளி ஏணியோடு பின்னால் வர, குழியைத் திறந்து உள்ளே இறங்கி அளவெடுத்துவிட்டு வெளியே வருவார். அளக்கும் கருவிகளையும் வடிவமைத்தார். எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கக் காரணம் இந்த ஏணிதான். பின்னாளில் அவர் எழுதிய சமன்பாடுகளில் ஒரு எண்கூடக் காற்றிலிருந்து எடுத்ததா தெரியாது.

1917-இல் பெரிய கட்டுரை வந்தது. அதற்குள் உலகம் மாறிக்கிட்டிருந்தது. ஆபரேட்டர் இல்லாத தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. அதற்கு விதை போட்டவர் அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்த ஸ்ட்ரோஜர். ஆபரேட்டர் தன் வாடிக்கையாளரைப் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுறாங்கன்னு கடுப்பாகி, ஆபரேட்டரே வேண்டாம்னு சுவிட்ச் கண்டுபிடிச்சார் என்பது பிரபலமான கதை. பேட்டன்ட் 1891. (கால் ஃபார்வர்டிங்கின் முதல் துஷ்பிரயோகம்னு வேணா சொல்லிக்கலாம்.) பெங்களூரு ஐ.டி.ஐ. பிறகு இந்த ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சுகளை இந்தியாவிலேயே தயாரித்தது.

தானியங்கியில் ஒரு சிக்கல். ஆபரேட்டர் இருந்தா காத்திருக்கச் சொல்வாங்க. மெஷின் சொல்லாது. லைன் காலியா இல்லைன்னா அந்த அழைப்பு அங்கேயே செத்துப்போகும், காதில் பிஸி டோன்தான். ஆகவே ஏர்லாங் ரெண்டு தனிக் கேள்விகளுக்கு விடை கண்டார். அழைப்பு தொலைந்துபோகும் அமைப்பில் எத்தனை சதவீதம் தொலையும்? இது இன்று ஏர்லாங் பி. காத்திருக்கும் அமைப்பில் எவ்வளவு நேரம் காத்திருக்கணும்? இது ஏர்லாங் சி.

சும்மா சூத்திரம்னு சொல்லிட்டுப் போனா நம்ம எச்.ஓ.டி. மாதிரி ஆயிடும், போட்டே பார்த்துடுவோம். மாமல்லபுரம் பக்கம் ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்னு வைத்துக்கொள்ளுங்க. வார இறுதிக்கு முந்தின நாள், மிக நெரிசலான ஒரு மணி நேரத்தில் 100 அழைப்பு, ஒவ்வொண்ணும் சராசரி 3 நிமிஷம். மொத்தம் 300 நிமிஷப் பேச்சு. 60-ஆல் வகுத்தா 5. இந்த 5-க்கு இன்று அலகு உண்டு: 5 ஏர்லாங். அதாவது சராசரியா எந்த நொடியில் எட்டிப் பார்த்தாலும் அஞ்சு லைன் பேச்சில் இருக்கும்.

சராசரி 5, அதனால 5 லைன் போதும்னு தோணுதா? நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் போடுவோம். ஏர்லாங்கின் சூத்திரத்தை ஒரு சின்ன லூப்பா மாத்தி எழுதலாம். லைனே இல்லைன்னா தோல்வி 1, அதாவது நூறு சதவீதம். ஒவ்வொரு லைன் சேர்க்கும்போதும் முந்தைய விடையை 5-ஆல் பெருக்குங்க. வந்ததை, அதோடு லைன் எண்ணைக் கூட்டின தொகையால் வகுங்க. முதல் லைனுக்கு 5-ஐ 6-ஆல் வகுத்து 0.833. ரெண்டாவதுக்கு 4.167-ஐ 6.167-ஆல் வகுத்து 0.676. இப்படியே ஓட்டினா, 5 லைனில் 0.285. நூறு பேர் கூப்பிட்டா 28 பேருக்கு பிஸி டோன்! 8 லைனில் 7 பேர். 10 லைனில் கிட்டத்தட்ட 2 பேர். 11 லைன் போட்டாத்தான் நூற்றுக்கு ஒருத்தருக்குக் கீழே வரும். சராசரி 5-க்கு 11 லைன். பைத்தானில் ஆறு வரி. லேப்டாப்பைத் திறந்து நீங்களே ஓட்டிப் பாருங்க.

இன்னொரு ஆச்சரியம். அதே ரிசார்ட்டுக்குச் செங்கல்பட்டில் ஒரு புக்கிங் ஆபீஸ், அங்கேயும் 5 ஏர்லாங்னு வைப்போம். தனித்தனி டிரங்க் எடுத்தா 11-உம் 11-உம் 22. ரெண்டையும் ஒரே ஐ.பி. பி.பி.எக்ஸில் சேர்த்து ஒரே டிரங்கா எடுத்தா 10 ஏர்லாங், 18 சானல் போதும். அதே தரம், நாலு சானல் மிச்சம். ரெண்டு இடத்துக்கும் நெரிசல் ஒரே நிமிஷத்தில் வருவது அபூர்வம், ஒருத்தர் சும்மா இருக்கும்போது இன்னொருத்தர் எடுத்துக்கிறார். ஹன்ட் குரூப் என்கிற வசதிக்குப் பின்னாலிருக்கிற கணக்கும் இதேதான்.

இப்ப அந்த டிக் பாக்ஸ்களுக்கு வருவோம். அவை எதுவும் இலவசம் இல்லை. வெளியிலிருந்து வந்த அழைப்பை மேனேஜரின் மொபைலுக்குத் திருப்பிவிட்டா, வந்த அழைப்புக்கு ஒரு சானல், மொபைலுக்குப் போற அழைப்புக்கு இன்னொரு சானல், பேச்சு முடியும் வரை ரெண்டும் பிஸி. (திருப்புவதைத் தன் பக்கத்திலேயே செய்துதரும் சேவையா இருந்தா தப்பிச்சோம்.) நம்ம 100 அழைப்பில் 40 இப்படிப் போனா இன்னும் 120 நிமிஷம், 2 ஏர்லாங் கூடும். 7 ஏர்லாங்குக்கு அதே 11 சானல் என்றால் தோல்வி ஏறக்குறைய 5 சதவீதம். பழைய தரம் வேணும்னா 14 சானல். ஒரு டிக் மார்க்கின் விலை மூணு சானல். ரிங் குரூப்பில் நாலு மொபைல் எண்ணைச் சேர்த்துவிட்டா, ஒரு அழைப்பு வந்ததும் எடுக்கும் வரை அஞ்சு சானல் காலி. ஆபீஸுக்குள்ளேயே இருக்கிற எக்ஸ்டென்ஷன்களுக்கு அடிப்பது, கால் பிக்-அப், உள்ளேயே டிரான்ஸ்ஃபர், இவை டிரங்கைத் தொடாது. டிக் பண்ணுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இந்த வசதி டிரங்கை இன்னொரு தடவை கடக்குதா?

கியூ வசதிக்கு ஏர்லாங் சி. அதே 5 ஏர்லாங், எடுத்துப் பேச 5 ஆள் மட்டும் இருந்தா வரிசை வளர்ந்துகொண்டே போகும், தீராது. 6 ஆள் என்றால் சராசரிக் காத்திருப்பு 1 நிமிஷம் 46 செகண்ட். 7 ஆள், 29 செகண்ட். 8 ஆள், 10 செகண்ட். ஒரே ஒரு ஆளைக் கூட்டினதுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் குறையுது பாருங்க. இதைத் தெரிஞ்சுக்காத மேனேஜர் காத்திருப்புப் பாட்டை மாத்திப் பார்ப்பார், ஐ.வி.ஆரில் இன்னும் ரெண்டு மெனு சேர்ப்பார். பாட்டு கேட்டுக்கிட்டிருக்கிறவரும் ஒரு சானலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிற்கிறார் என்பது தனிக்கதை.

ஏர்லாங் தன் கணக்கின் எல்லையைத் தெளிவா வைத்தே எழுதினார். அழைப்புகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வரணும். பிஸி டோன் கேட்டவர் வைத்துவிட்டுப் போயிடணும். நிஜத்தில் நாம வைத்துவிட்டா போறோம்? ரீடயல் பட்டனை அழுத்திக்கிட்டே இருப்போம். அதனால் தோல்வி அதிகமா இருக்கிற இடத்தில் பி சூத்திரம் நிலைமையைக் குறைச்சுக் காட்டும். முதல் எல்லை இன்னும் முக்கியம். 2022-இல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்த ரெண்டு வாரம் மாதிரி ஒரு சீசனில் சராசரியே மாறிடும். அதையாவது புது எண்ணைப் போட்டுச் சமாளிக்கலாம். 2004 டிசம்பர் 26 மாதிரி ஒரு காலை வேற ரகம். மாமல்லபுரம், கல்பாக்கம் கரையில் அலை ஏறின செய்தி பரவினதும் ஆயிரம் பேர் ஒரே காரணத்துக்காக, ஒரே நேரத்தில், ஒரே திசைக்குப் போன் போடுவார்கள். யாரும் யாரிடமிருந்தும் சுயேச்சையா இல்லை. பாய்சான் அங்கே உடைஞ்சு போகும். அவசர அழைப்புக்குத் தனி வழியும் முன்னுரிமையும் வைப்பது இதனால்தான். சானலை ரெண்டு மடங்கு ஆக்கினாலும் அந்த நாளைத் தாங்காது. ரிசார்ட் பி.பி.எக்ஸில் 108-ம் 112-ம் டிரங்க் நிரம்பியிருந்தாலும் போகுதான்னு சோதிச்சுப் பார்ப்பது டிக் பாக்ஸ் வேலையில் சேராது, ஆனா முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

மனிதருக்குத் திரும்புவோம். ஏர்லாங் கல்யாணம் பண்ணிக்கலை. வேலைக்கு வராத நாள் அரிது. சக ஊழியர்கள் அவரை ஒதுங்கி இருக்கிற ஆளாத்தான் பார்த்தார்கள், பேச்சு குறைவு. சம்பளத்தில் பெரும்பகுதி புத்தகமாச்சு. கணிதம், வானியல், இயற்பியல் என்று வீட்டில் பெரிய நூலகமே சேர்ந்துவிட்டது. மீதி எங்கே போச்சு என்பது சுவாரசியம். கஷ்டப்படுகிறவர்கள் உதவி கேட்டு அவரது ஆய்வகத்துக்கே வருவார்கள். யாருக்கும் தெரியாத மாதிரி கொடுத்து அனுப்புவார். அவர் தங்கை இங்கபோர்க் மனநலம் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு இல்லம் நடத்தினார், அண்ணன் பக்கபலமா இருந்தார்.

அவருடைய கட்டுரைகளை இன்று படிக்கிறவர்களுக்கு ஒரு புகார் உண்டு. ரொம்பச் சுருக்கம். விடையைச் சொல்வார், எப்படி வந்ததுன்னு முழுசா விளக்க மாட்டார். சில இடங்களில் நிரூபணத்தைப் பின்னால் வந்தவர்கள்தான் நிரப்பினார்கள். ஆனாலும் சூத்திரம் உடனே நாடு தாண்டியது. பிரிட்டிஷ் தபால் துறை, அன்று அங்கே டெலிபோனும் அவங்க கையில்தான், தன் லைன்களைக் கணக்கிட அதை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்துக்காரர் ஒருத்தர் ஏர்லாங்கை மூலத்தில் படிக்கணும்னே டேனிஷ் கற்றுக்கொண்டார்னு சொல்வார்கள். டேனிஷ் பேசுற ஊர் எத்தனைன்னு யோசிச்சா இந்த முயற்சியின் அருமை புரியும்.

அவர் இருந்தபோது டாக்டர் பட்டம் வாங்கலை, பல்கலைக்கழகத்தில் பதவி வகிக்கலை. சம்பளத்துக்குப் போன கம்பெனியில், கம்பெனிக்கு வந்த தலைவலியைத் தீர்க்கப்போய் ஒரு துறையை உண்டாக்கினார். இன்டஸ்ட்ரி பிராப்ளம்னா கீழ்மட்டம், தியரின்னா உயர்ந்ததுன்னு நம்ம கேன்டீனில் நடக்கிற சண்டையில் ஏர்லாங்கை எந்தப் பக்கம் உட்கார வைக்கிறதுன்னு எனக்கு இன்னும் தெரியலை.

1929 தொடக்கத்தில் வயிற்றில் நோய். அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு தேறவில்லை. பிப்ரவரி 3 அன்று இறந்தார். வயது 51. கம்பெனியில் சேர்ந்து 20 வருஷம் தாண்டியிருந்தது, அப்படியே கணக்கு நின்றுபோச்சு.

1946-இல் டெலிபோன் நெரிசலின் சர்வதேச அலகுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1948-இல் கோபன்ஹேகன்காரர்கள் அவர் வாழ்க்கையையும் கட்டுரைகளையும் ஆங்கிலத்தில் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தார்கள், அதனால் டேனிஷ் படிக்கிற வேலை மிச்சமாச்சு. 1986-இல் ஸ்வீடனின் எரிக்சன் கம்பெனி, நின்றுபோகாமல் ஓடுற டெலிபோன் சுவிட்ச்சுக்குன்னு ஒரு நிரலாக்க மொழியைச் செய்யத் தொடங்கியது. அதன் பெயர் ஏர்லாங். கம்பெனிப் பெயரின் சுருக்கமாவும் அதைப் படிக்கலாம், ரெண்டும் பொருந்தும். வாட்ஸ்ஆப் சர்வர்கள் அந்த மொழியில்தான் எழுதப்பட்டன.

உங்க காலேஜ் ஆபீஸிலோ இன்டர்ன்ஷிப் போற இடத்திலோ ஐ.பி. பி.பி.எக்ஸ். இருந்தா, அனுமதி வாங்கிக்கிட்டு அதன் அழைப்புப் பதிவேட்டை எடுங்க. ஒவ்வொரு அழைப்புக்கும் தொடங்கின நேரமும் நீளமும் அதில் இருக்கும். ரெண்டு வாரத்தில் மிக நெரிசலான மணி நேரத்தைப் பிடிங்க, நிமிஷங்களைக் கூட்டி 60-ஆல் வகுங்க. வர்ற எண்ணை மேலே சொன்ன லூப்பில் போட்டுட்டு, அந்தச் சானல் பெட்டியில் இப்ப என்ன எண் இருக்குன்னு பாருங்க.